வெள்ளிக்கிழமைக் கையெழுத்து

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் கழித்துப் போகிற முதல் உல்லாசப் பயணம். கப்பல் கிளம்ப இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. கப்பல் அறைக் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டிருந்த மனைவி அங்கிருந்தே கத்தினாள்.

"என்னங்க! இங்க வந்து பாருங்க! நீங்க இருக்கீங்க!"

கட்டிலுக்கு மேலே காலை நீட்டிப் படுத்திருந்த இன்ஸ்பெக்டருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதில் அதுவரை சந்தேகம் வந்ததில்லை. எழுந்து உட்கார்ந்தார்.

அவள் பிறந்த குழந்தையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தது ஒரு ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். அதன் தோள்பட்டையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சோதனைச் சீட்டு தொங்கியது. 'நேரில் பார்த்துச் சோதித்தேன்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே, வால் நீண்ட பட்டம் போல ஒரு கையெழுத்து.

"உங்களோடதுதானே?"

"என்னோடதுதான்" என்றார் அவர். சொன்ன பிறகுதான் முதுகில் லேசாக ஏதோ ஊர்ந்தது.

இன்ஸ்பெக்டர் என்றதும் லத்தி, தொப்பி என்று யாரும் போய்விட வேண்டாம். அவர் துறைமுகப் பாதுகாப்புச் சாதன அலுவலகத்து இன்ஸ்பெக்டர். அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் பேனா. படகுகளிலும் கப்பல்களிலும் இருக்கிற லைஃப் ஜாக்கெட்டை இழுத்துப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, தொட்டித் தண்ணீரில் ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பார்த்து, மிதக்கும் என்றால் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருஷமாகப் போட்டு வருகிறார். அலுவலகத்திலேயே அழகான கையெழுத்து அவருடையதுதான் என்று எல்லோரும் சொல்வார்கள். வேறு எதைப் பற்றியும் சொன்னதில்லை.

மனைவி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வீட்டுக்கு போன் செய்கிறவர்கள், காய்கறிக்காரர், தபால்காரர், அத்தனை பேரும் அவளை சிஸ்டர் என்றே கூப்பிட்டதில், கல்யாணமான புதிதில் அவரும் ஒருமுறை மாமனார் முன்னாலேயே "சிஸ்டர், தண்ணி குடு" என்று கேட்டுவிட்டார். அந்த வீட்டில் அதை இன்னும் யாரும் மறக்கவில்லை.

அவளுக்கு எண்ணுகிற வியாதி உண்டு. வயிற்றைத் தைக்கும் முன்பு உள்ளே போன பஞ்சு எத்தனை, வெளியே வந்த பஞ்சு எத்தனை என்று எண்ணிச் சரிபார்ப்பதுதான் அவள் வேலையின் முக்கால்வாசி. மார்ச் மாதம் இன்ஸ்பெக்டருக்கே பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தபோது, சொந்தக்காரர் உள்ளே வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியும் கேட்காமல் வந்து நின்றாள். ஒரு பஞ்சு குறைந்தது. தைக்க விடவில்லை. இருபது நிமிஷம் தேடி, கடைசியில் டாக்டரின் ஷூவுக்கு அடியில் ஒட்டியிருந்ததை எடுத்தாள். நாலு மாசமாக இன்ஸ்பெக்டர் எந்த விருந்துக்குப் போனாலும் இந்தக் கதைதான். "என் வயித்தைத் தொறந்து போட்டுட்டு இவ தரையைப் பெருக்கிட்டு இருந்தா சார்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார். அவளும் சிரிப்பாள்.

இந்தக் கப்பல் கம்பெனியை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். யாரும் கேள்விப்படாத கம்பெனி. விளம்பரத்தில் கப்பலின் பெயரைவிட அங்கே கொடுக்கிற ஐஸ்கிரீமின் பெயர் பெரிதாக இருந்தது. "அக்கா, எதுக்கு வம்பு? பேர் தெரிஞ்ச கம்பெனியா பாத்துப் போங்க" என்றான் அவள் தம்பி. அவள் கம்பெனிக்கே போன் போட்டு, "உங்க லைஃப் ஜாக்கெட்டை எந்த ஆபீஸ் சோதிக்குது?" என்று கேட்டாள். பயணம் போகிற யாரும் அந்தக் கம்பெனியிடம் அதுவரை கேட்காத கேள்வி. மறுமுனையில் காகிதத்தைப் புரட்டி ஓர் அலுவலகத்தின் பெயரைப் படித்தார்கள். போனை வைத்துவிட்டுத் தம்பியிடம் சொன்னாள்: "உன் அத்தான் ஆபீஸ்டா. இதுக்கு மேல என்ன வேணும்?"

அன்றைக்கு இன்ஸ்பெக்டருக்குக் காலர் ஒரு அங்குலம் உயர்ந்தது. இப்போது அதே காலர் கழுத்தை அறுத்தது. காரணம் ரொம்பச் சின்னது. இந்தக் கப்பலை அவர் தன் வாழ்நாளில் இன்று மதியம்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

"நில்லுங்க, நில்லுங்க, அப்படியே பிடிங்க" என்று மனைவி அவரையும் ஜாக்கெட்டையும் சேர்த்துப் போட்டோ எடுத்தாள். தம்பிக்கு அனுப்பினாள். கதவைத் திறந்துகொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். பக்கத்து அறையில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவரும் அவர் வீட்டம்மாவும் இருந்தார்கள்.

"எங்க வீட்டுக்காரர் கையெழுத்துங்க. உங்க கட்டிலுக்கு அடியிலயும் இருக்கும், பாருங்க."

பஸ் டிரைவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அட, ஆமா! சார், நான் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். எனக்குத் தண்ணின்னா பயம். இப்பதான் சார் உயிரே வந்துச்சு. எல்லாத்தையும் நீங்களே பாத்தீங்களா?"

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி பதில் சொல்லிவிட்டாள்.

"ஒவ்வொண்ணையும் கையில எடுத்துப் பாக்காம பேனாவையே தொட மாட்டார்."

இது பத்தொன்பது வருஷமாக அவரே வீட்டில் சொல்லி வந்த வசனம். அவள் ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.

கால் மணி நேரத்தில் விஷயம் கப்பல் முழுக்கப் பரவியது. தாழ்வாரத்தில் போகிறவர்கள் வணக்கம் சொன்னார்கள். ஒரு அம்மாள் தன் இரண்டு பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து, "இந்த மாமா இருக்கிற வரைக்கும் பயமே இல்ல, தெரியுதா?" என்று காட்டிவிட்டுப் போனாள். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாத துணைக் கேப்டன் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"சார், நாலு மணிக்கு மேல்தளத்துல ஜாக்கெட் பயிற்சி. எல்லாரும் கட்டாயம் வரணும்னு சட்டம். அதனால யாரும் வர மாட்டாங்க. நீங்க ரெண்டு வார்த்தை பேசுறீங்கன்னா வருவாங்க. அஞ்சு மணிக்குக் கிளம்பிடலாம்."

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் மனைவி, அவருக்குப் பதிலாக.

அவள் மேல்தளத்தைச் சுற்றிப் பார்க்கப் போனதும், இன்ஸ்பெக்டர் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

வெள்ளிக்கிழமை வழக்கத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அவர் ஒவ்வொரு ஜாக்கெட்டாகத்தான் பார்த்தார். இரண்டாம் வருஷம் ஒரு நாள் மேலதிகாரி அவசரமாக, "இன்னும் நூறு சீட்டு சேத்துக் கையெழுத்துப் போட்டு வச்சிருங்க, திங்கக்கிழமை பசங்க பாத்துக் கட்டிருவாங்க" என்றார். போட்டு வைத்தார். திங்கட்கிழமை யாரும் சாகவில்லை. அடுத்த வாரம் இருநூறு. பிறகு அது ஒரு பழக்கமாகி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மூன்றரை மணிக்கு டீ வந்ததும், தேதி போடாத சீட்டுக் கட்டை முன்னால் வைத்துக்கொண்டு, டீ ஆறுவதற்குள் ஒரு கட்டை முடிப்பது என்று தனக்குத் தானே பந்தயம் கட்டிக்கொள்ள ஆரம்பித்தார். கட்டுகள் அலமாரியில் இருக்கும். அலமாரிச் சாவி அலமாரியிலேயே தொங்கும். சாவியைத் தேடுகிற சிரமம் யாருக்கும் வேண்டாமே என்கிற நல்லெண்ணம்.

வாரத்துக்கு ஐந்நூறு ஜாக்கெட்டை அந்தப் பசங்க மூன்று பேர் எப்படித் தொட்டியில் போட்டு எடுக்கிறார்கள் என்று அவர் கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை. அலுவலகத்தில் எல்லோரும் ஒருவர்மீது ஒருவர் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார்கள்.

'யாராவது பாத்திருப்பாங்க' என்று சொல்லிக்கொண்டே அவர் ஜாக்கெட்டின் இடுப்புப் பட்டையை இழுத்தார். முழு பலத்தோடு இழுக்க வேண்டும் என்பது விதி. அவர் சும்மா பிடித்துத்தான் இழுத்தார். பட்டை கையோடு வந்துவிட்டது.

சரி, ஒரு பட்டைதானே. விசிலை வாயில் வைத்து ஊதினார். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. நெஞ்சுப் பக்கத்தை அமுக்கினார். உள்ளே இருக்க வேண்டியது தண்ணீர் குடிக்காத ஃபோம். அமுக்கினால் விறைப்பாகத் திருப்பித் தள்ளும். இது மெத்தையில் போடுகிற ஸ்பாஞ்சு மாதிரி சாதுவாக அமுங்கிப் போய், நிதானமாக மேலே வந்தது.

குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி ஷவரைத் திறந்தார். ஜாக்கெட் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. பாலைவனத்திலிருந்து வந்த ஒட்டகம் மாதிரி குடித்தது. தூக்கிப் பார்த்தபோது கைக்குழந்தை கனம் இருந்தது இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் கனமாகியிருந்தது.

அவர் கழிப்பறை மூடியின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வெளியே ஓடி, தாழ்வாரத்துப் பெட்டியைத் திறந்து அங்கே இருந்த நாலு ஜாக்கெட்டை அமுக்கினார். நாலும் மெத்தை. நாலிலும் வால் நீண்ட பட்டம்.

மேல்தளத்தில் துணைக் கேப்டன் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் அவனைத் தனியாக இழுத்தார்.

"தம்பி, இந்த ஜாக்கெட் மிதக்காது."

"சார் நல்லா தமாஷ் பண்றீங்க."

"தமாஷ் இல்லப்பா. உள்ள இருக்கிறது ஸ்பாஞ்சு. தண்ணியில போட்டா ஆளையும் சேத்து உள்ள இழுத்துட்டுப் போகும். நான் சொல்றேன்."

"நீங்கதானே சார் மிதக்கும்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"அது வேற."

"எது சார் வேற?"

அவருக்குப் பதில் தெரியும். "கையெழுத்து என்னோடதுதான், ஆனா..." என்று நிறுத்தினார்.

துணைக் கேப்டன் மரியாதை குறையாமல் சிரித்தான். "சார், எழுத்துல இருக்கிறதை விட்டுட்டு வாயால சொல்றதை நம்பி நான் கப்பலை நிறுத்தினா கம்பெனியில என்னையத் தூக்கிக் கடல்ல போடுவாங்க. ஒண்ணு பண்ணுங்க. மிதக்காதுன்னு தகுதியுள்ள ஒரு இன்ஸ்பெக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. உடனே நிறுத்திடறேன்."

"நான்தானே இன்ஸ்பெக்டர்?"

"அதான் சார் சொல்றேன். உங்க கையெழுத்து ஏற்கனவே எங்ககிட்ட இருக்கு."

அவர் அறைக்குத் திரும்பியபோது மனைவி குளியலறை வாசலில் நின்றிருந்தாள். தண்ணீர் சொட்டும் ஜாக்கெட்டை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது? எங்க ஆஸ்பத்திரிப் பஞ்சைவிட நல்லா உறிஞ்சுது."

"ஒரு சின்னக் கோளாறு. இந்த ஒண்ணுலதான்..."

அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சீட்டைத் திருப்பினாள். அவருடைய கையெழுத்தை அவள் இதுவரை பெருமையோடு பார்த்திருக்கிறாள். அதற்குப் பக்கத்தில் இருந்த தேதியை இப்போதுதான் பார்த்தாள். அது வேறு யாரோ வேறு பேனாவில் போட்டது.

"மார்ச் பதினேழு" என்று படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். "மார்ச் பதினேழு நீங்க எங்க இருந்தீங்க?"

"ஆபீஸ்ல."

"என் டேபிள்ல இருந்தீங்க."

அவள் சீட்டை அவர் முன்னால் நீட்டினாள்.

"என் டேபிள்ல, மயக்கத்துல, வயித்தைத் தொறந்து போட்டு. நான் பக்கத்துல நின்னு பஞ்சு எண்ணிட்டு இருந்தேன். அப்ப உங்க கை இங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டு இருந்துச்சா?"

ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வாரம் லீவில் இருந்தபோது, தான் இல்லாமலேயே அலுவலகம் தடையில்லாமல் நடந்தது என்று பெருமைப்பட்டது அவருக்கு நினைவுக்கு வந்தது. எப்படி நடந்தது என்பது இப்போது புரிந்தது. எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளிக்கிழமை, டீ, கட்டு, அலமாரி, சாவி. சொல்லச் சொல்ல, வெளியே வருகிற ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கே புதிதாக இருந்தது.

"எத்தனை சீட்டு?" என்றாள்.

"எண்ணலை."

"எண்ணலையா?" இதைக் கேட்டபோதுதான் அவள் குரல் உடைந்தது. "பத்தொன்பது வருஷமாவா?"

"பதினெட்டு. முதல் வருஷம் பாத்தேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். ஏதோ யோசித்தவள் திடீரென்று நிமிர்ந்தாள். "என் தம்பி தினம் வேலைக்குப் போற படகு?"

அவர் தரையைப் பார்த்தார்.

"அவன் பிள்ளைங்களும் அதுலதானே பள்ளிக்கூடம் போகுது?"

அவர் தரையையே பார்த்தார்.

அவள் போனை எடுத்தாள். "தம்பி, நாளைக்குப் படகுல ஏறாதே. பிள்ளைங்களையும் ஏத்தாதே. இல்லடா, போட்டோ எல்லாம் நல்லாதான் இருந்துச்சு. சொன்னாக் கேளு." வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். திட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடுகிற மாதிரி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"நான் அங்க போய்ச் சொன்னா என் வேலை போயிடும். கேஸும் வரும்."

"சொல்லாட்டி?"

"அந்தத் துணைக் கேப்டன்கிட்ட தனியா சொல்லிப் பாத்தேன். அவன் என் கையெழுத்தைத்தான் நம்புறான். என்னை நம்பலை."

"எப்படி நம்புவான்? நானே அதைத்தானே நம்பினேன்." கைப்பையிலிருந்து சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்தாள். "நாலு மணிக்குப் பேசுறதும் பேசாததும் உங்க இஷ்டம். நான் எண்ணப் போறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

நாலு மணிக்கு மேல்தளத்தில் நீச்சல் குளத்தைச் சுற்றிக் கூட்டம் நெரிந்தது. துணைக் கேப்டன் கணக்குப்படி வரவே மாட்டார்கள் என்றிருந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள், ஆரஞ்சு ஜாக்கெட்டும் ஐஸ்கிரீமுமாக. இன்ஸ்பெக்டர் ஈர ஜாக்கெட்டை விட்டுவிட்டு, கட்டிலுக்கு அடியில் இருந்த இன்னொன்றை எடுத்து வந்திருந்தார். மேடையேறியதும் கைதட்டல். பஸ் டிரைவர் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். அந்தக் கப்பலில் ஒழுங்காகச் சத்தம் வந்த விசில் அது ஒன்றுதான்.

கூட்டத்துக்குப் பின்னால் மனைவி ஒரு பெட்டியைத் திறந்துவைத்து, குனிந்து, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்தக் கப்பலை நான் இன்னிக்குத்தான் முதல் தடவையாப் பாக்குறேன்."

கூட்டம் சிரித்தது.

"நீங்க போட்டிருக்கிறதுல ஒண்ணைக்கூட நான் கையால தொட்டதில்லை."

இன்னும் பலமாகச் சிரித்தது. "சார் செம ஜாலியான ஆளு" என்று யாரோ சொன்னார்கள்.

"சத்தியமா சொல்றேன். டீ குடிச்சுக்கிட்டே போட்ட கையெழுத்து அது."

ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினார். பதினெட்டு வருஷம் பொய் சொன்னபோது ஒரு ஆள் சந்தேகப்படவில்லை. உண்மையைச் சொல்ல ஆரம்பித்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, ஒரு ஆள் நம்பவில்லை. துணைக் கேப்டன் ஒலிபெருக்கியை வாங்கக் கை நீட்டினான்.

இன்ஸ்பெக்டர் தன் கையிலிருந்த ஜாக்கெட்டைத் தூக்கிக் குளத்தில் எறிந்தார்.

அது மிதந்தது.

கூட்டம் ஆரவாரித்தது. ஜாக்கெட் பளபளவென்று, கர்வமாக, நடுக்குளத்தில் மிதந்தது. ஒருவேளை... ஒருவேளை இது நல்லதாக இருக்குமோ? யாராவது உண்மையிலேயே பார்த்திருப்பார்களோ? இப்போதே "சும்மா சொன்னேன்" என்று சிரித்துவிட்டு இறங்கிவிட்டால், வேலை இருக்கும், பெயர் இருக்கும், மாலை ஐந்து மணிக்கு ஐஸ்கிரீமும் இருக்கும். அந்த ஆசை தன்னுள் எவ்வளவு வேகமாகத் துள்ளி எழுந்தது என்பதைப் பார்த்து அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ள வேண்டியவள் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

"ரெண்டு நிமிஷம்" என்றார். "ரெண்டே நிமிஷம் பாருங்க."

முதல் நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது நிமிஷத்தில் ஜாக்கெட் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாப்பிட்டு முடித்தவன் ஏப்பம் விடுகிற மாதிரி இரண்டு குமிழி விட்டது. பிறகு, எந்த அவசரமும் இல்லாமல், பட்டைவரை, தோள்வரை, கழுத்துவரை உள்ளே போனது. கடைசியில் பிளாஸ்டிக் உறை போட்ட சீட்டு மட்டும் நூலை இழுத்துக்கொண்டு ஒரு கணம் மேலே நின்றது. அந்தக் கப்பலில் மிதக்கிற தன்மை இருந்தது அந்தச் சீட்டுக்கு மட்டும்தான். அப்புறம் அதுவும் போய்விட்டது.

யாரும் சிரிக்கவில்லை. முந்நூற்றுச் சொச்சம் பேர் குளத்தையே பார்த்தார்கள். ஐஸ்கிரீம் ஒழுகி ஒருவர் முழங்கை வழியாகச் சொட்டியது.

பஸ் டிரைவர்தான் முதலில் அசைந்தார். தன் ஜாக்கெட்டைக் கழற்றினார். பட்டையைக் கழற்ற வேண்டிய அவசியம் இருக்கவில்லை, அதுவே வந்தது. குளத்தில் போட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் இரண்டு நிமிஷம் தாக்குப்பிடித்தது.

"ஏங்க, இதைப் போட்டுக்கிட்டா நான் தைரியமா இருந்தேன்?" என்றாள் அவர் வீட்டம்மா, சன்னமான குரலில்.

அதற்குப் பிறகு ஒருவர்பின் ஒருவராக எல்லோரும் எறிந்தார்கள். குளம் ஒரு நிமிஷம் முழுக்க ஆரஞ்சாக இருந்தது. பிறகு அடிமட்டும் ஆரஞ்சாக இருந்தது. துணைக் கேப்டனின் வெள்ளைச் சட்டையில் அன்றைக்கு முதன்முதலாக ஒரு மடிப்புக் கலைந்தது. அவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான், குளத்தைப் பார்த்தான், கேப்டன் அறையை நோக்கி ஓடினான்.

கப்பல் கிளம்பவில்லை. கிளம்பாது என்று அறிவித்ததும்தான் கூட்டத்துக்குக் கோபம் வந்தது. சாகாமல் தப்பியது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. லீவு போனதுதான் பெரிதாகத் தெரிந்தது. "பேசாம வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?" என்று ஒருவர் சட்டையைப் பிடித்தார். "கையெழுத்துப் போட்ட கையை ஒடிக்கணும்" என்றார் இன்னொருவர். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது என்றுதான் இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது. பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்த அம்மாள் மட்டும் ஒன்றும் பேசாமல் அவர்களைத் தூக்கி இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் துறைமுக அதிகாரியின் அறையில் உட்கார்ந்திருந்தார். எதிரே நாலு பக்க வாக்குமூலம். அதிகாரி சுருக்கமாகச் சொன்னார்: வேலை இன்றோடு நிறுத்திவைப்பு, விசாரணை நாளை முதல், நகரத்துப் படகுகள் எல்லாம் கரையில். "கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

மனைவி ஓரத்து நாற்காலியில், மடியில் ஒரு துணிப் பையும் அதன்மேல் கணக்கு எழுதின நோட்டுமாக உட்கார்ந்திருந்தாள். கப்பலில் இருந்த ஜாக்கெட் அத்தனையிலும் இருந்த சீட்டுகளை, குளத்து அடியில் கிடந்தவை உள்பட, ஆட்களைப் பிடித்து அறுத்து வாங்கி அந்தப் பையில் போட்டிருந்தாள். மதியத்திலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். கை தானாகவே கடைசிப் பக்கத்துக்குப் போயிற்று. பதினெட்டு வருஷப் பழக்கம். வால் நீண்ட பட்டத்தின் முதல் வளைவுக்குப் பேனா முனை தயாராக நின்றது. அப்படியே நின்றது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதல் பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார்.

கால் மணி நேரம் ஆனது. இரண்டாம் பக்கம்தான் நடந்தது.

"சார், சீக்கிரம் போடுங்க. எனக்கும் வீடு இருக்கு" என்றார் அதிகாரி.

"படிக்கட்டும்" என்றாள் மனைவி, அதிகாரியிடம்.

மூன்றாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது. "இங்க தப்பு இருக்கு. ஜாக்கெட் முந்நூத்தி அறுபத்தெட்டுன்னு போட்டிருக்கு. அவ நோட்டுல முந்நூத்தி எண்பத்தாறு."

"அதைத் திருத்திக்கலாம் சார், கையெழுத்தைப் போடுங்க. நீங்களா எண்ணினீங்க?"

"இல்லை" என்றார். "நான் எண்ணலை."

எழுந்துபோய் மனைவி முன்னால் நின்று கையை நீட்டினார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பையைக் கொடுத்தாள். அவர் அதை மேஜையில் கொட்டினார். ஈரச் சீட்டுகள். அத்தனையிலும் அவர். ஒவ்வொன்றாக எடுத்து, பார்த்து, தேதியைப் படித்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வைத்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் அவரையே பார்த்தார்.

"முந்நூத்தி எண்பத்தஞ்சு" என்றார் இன்ஸ்பெக்டர். பையைத் தலைகீழாக உதறினார். ஒன்றும் விழவில்லை. "ஒண்ணு குறையுது."

"ஒண்ணுதானே சார், விடுங்க."

"விடக் கூடாது" என்று இரண்டு குரல் ஒன்றாக வந்தது.

அதிகாரி மிரண்டு பார்ப்பதற்குள், மனைவி மேஜைக்கு அந்தப் பக்கமும் இன்ஸ்பெக்டர் இந்தப் பக்கமுமாகத் தரையில் மண்டி போட்டு அடியில் தலையை விட்டிருந்தார்கள். மேஜைக்கு அடியில் இருட்டாக இருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் கையால் துழாவினார்கள். பிறகு, மதியத்துக்கு அப்புறம் முதன்முதலாக, அவள் அவரிடம் பேசினாள்.

"உங்க ஷூவைத் தூக்குங்க."